காலஞ்சென்ற ஆவுடையப்பனின் அண்ணன்

அந்தக் கேடயத்தை இப்படிக் கொடுத்துவிடுங்கள் அக்கா, மடியில் குத்தும். கண்ணாடி போலத் தெரிகிறதே தவிரக் கண்ணாடி இல்லை. கீழே விழுந்தாலும் உடையாது. எங்கள் கல்லூரியில் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்வார்கள். என்ன எழுதியிருக்கிறது என்றா கேட்கிறீர்கள்? 'நன்றியுணர்வில் முதலிடம்.' ஆம், அப்படி ஒரு பரிசு உண்டு. பாடத்தில் முதலிடம், ஓட்டப் பந்தயத்தில் முதலிடம் என்பவை கட்டணம் கட்டிப் படிக்கிறவர்களுக்கு. உதவித்தொகையில் படிக்கிறவர்கள் நன்றியில் ஓட வேண்டும். போட்டி சாதாரணமானது என்று நினைத்துவிடாதீர்கள்.

முன்னால் பாருங்கள். ஓட்டுநருக்குப் பின் இருக்கையில், தோளில் துண்டோடு, வலது காலை நீட்டிக்கொண்டு ஒருவர் அமர்ந்திருக்கிறார் அல்லவா? அவர்தான் காலஞ்சென்ற என் தந்தை.

சற்று மெதுவாக, அக்கா. அவர் உறங்கவில்லை.

பயப்பட வேண்டாம். நல்ல உடல்நலத்தோடுதான் இருக்கிறார். திருநெல்வேலிப் பேருந்து நிலையத்தில் இரண்டு ஆமைவடை தின்றார். எண்ணெய் அதிகம் என்று கடைக்காரரிடம் சண்டையும் போட்டார். குடும்ப அட்டையில் இருக்கிறார், வாக்காளர் பட்டியலில் இருக்கிறார், எங்கள் தெருவில் எல்லாருடனும் வம்புக்கு நிற்கிறார். இறந்தது என் கல்லூரியில் மட்டும்தான். கல்லூரி மலரில் நாற்பத்திரண்டாம் பக்கம் அச்சிட்டிருக்கிறார்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. பாவூர்சத்திரம் வர இன்னும் நேரம் இருக்கிறது, சொல்கிறேன். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். நானாக என் கதையை யாரிடமும் சொல்வதில்லை. அதைச் சொல்வதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

ஏன் சிரிக்கிறீர்கள்? நான் மேடையில் பேசுவது போலப் பேசுகிறேன் என்றா? அதுவும் கல்லூரி தந்த கொடைதான். சேர்ந்தபோது உங்களைப் போலத்தான் பேசினேன். தமிழ் இலக்கியம் படித்தது பாதிக் காரணம். மீதிப் பாதி, புரவலர் திருநாள்.

புரவலர் திருநாள் என்பது எங்களுக்கு உதவித்தொகை தருகிற புரவலர் ஐயாவின் பிறந்தநாள். கார்த்திகை மாதத்தில் வரும். உதவித்தொகை பெறுகிற மாணவிகள் அத்தனை பேரும் ஒரே நிறச் சேலை கட்டிக்கொண்டு மேடையில் வரிசையாக உட்கார வேண்டும். முதலில் எங்கள் ஒவ்வொருவருடைய குடும்பச் சூழ்நிலையையும் ஒருவர் எடுத்துரைப்பார். பிறகு அந்தச் சூழ்நிலைக்காக நாங்கள் எழுந்து நன்றி கூற வேண்டும். அதற்குப் பெயர் ஏற்புரை. இரண்டு மாதம் பயிற்சி. விடுதிக் காப்பாளர் பொற்கொடி அம்மையார் கையில் பிரம்பில்லாத குறையாக நிற்பார். "அழுகையும் வரணும், சொல்லும் தெளிவா விழணும். அழுதுட்டு மூக்க உறிஞ்சுனா மைக்குல கேக்கும் பாத்துக்க" என்பார். முயன்று பாருங்கள் அக்கா, அது எளிதல்ல. இரண்டாம் ஆண்டில்தான் எனக்குக் கைவந்தது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றவர்கள் சொன்னதற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கு விளங்கும். என் அப்பா கட்டடங்களுக்கு வண்ணம் பூசுகிறவர். நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது சுரண்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை. முதல் மாடிச் சன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடில் நின்று பூசிக்கொண்டிருந்தவர் கால் தவறி விழுந்தார். கீழே மணல் குவித்திருந்தார்கள். வலது கணுக்கால் முறிந்தது, தகடு வைத்தார்கள். அதன் பிறகு சாரத்தில் ஏறுவதில்லை. தரையில் நின்றபடி கை எட்டும் உயரம்வரை அவர் பூசுவார். அதற்கு மேலே வேறு ஆள் பூசுவார். கூலியும் அந்த உயரத்துக்குத்தான். இவ்வளவுதான். உதவித்தொகை விண்ணப்பத்தில் நான் எழுதியதும் இவ்வளவுதான். முதலில் எழுதியதைக் கேட்டால் நான் குற்றமற்றவள் என்பது எவருக்கும் விளங்கும்.

முதலாண்டுத் திருநாளில் எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் எடுத்துரைத்தார். அவர் வாயில் சன்ஷேடு இரண்டாம் மாடியாயிற்று. மணல் காணாமற்போனது. கால்கள் இரண்டும் போயின. அரங்கில் முன்வரிசையில் இருந்த பெண்மணி ஒருவர் 'ஐயோ' என்றார். அந்த 'ஐயோ'வைக் கேட்டதும் பேராசிரியருக்கு இன்னும் கொஞ்சம் உற்சாகம் வந்து, அம்மாவுக்கும் கண்பார்வை மங்கிவருவதாகச் சேர்த்துக்கொண்டார். அம்மா இன்றைக்கும் பீடி சுற்றுகிறார். தெருமுனையில் ஆள் திரும்பும்போதே இன்னார் என்று சொல்லிவிடுவார்.

விழா முடிந்ததும் நான் காப்பாளரிடம் போனேன். போனேன் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். "மேடம், ஒரு கால்தான்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏட்டி கனகசெல்வி, ஒரு காலுக்கு ஒரு வருசந்தான் குடுப்பாவ. உனக்கு எத்தன வருசம் படிக்கணும்?"

"மூணு, மேடம்."

"அப்பொ பேசாம இரி."

அந்தக் கணக்குப்படி மூன்றாம் ஆண்டுக்கு ஒரு கால் குறைகிறதே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

எங்களுக்கு வாய்மொழிக் கதைகள் என்று ஒரு தாள் உண்டு. சொல்பவர் மாறினால் கதை மாறும், கேட்பவர் மாறினாலும் மாறும், சொல்லப்படும் இடம் மாறினாலும் மாறும் என்று கற்பித்தார்கள். எடுத்துக்காட்டு தேடி மற்ற மாணவிகள் ஊர் ஊராக அலைந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் ஆண்டில் காப்பாளரே எடுத்துரைத்தார். மாடி மூன்றாயிற்று. அப்பா படுத்த படுக்கையானார். நான் கல்லூரி விட்டு வந்ததும் அவருக்குச் சோறு ஊட்டுகிறேனாம். விடுதியில் தங்கியிருப்பவள் ஊரில் இருக்கிறவருக்கு எப்படி ஊட்டுவாள் என்று ஆயிரம் பேர் கூடிய அரங்கில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கைதட்டினார்கள். நானும் எழுந்து, 'அசையாத என் தந்தையின் கண்களில் அசையும் ஒரே ஒளி புரவலர் ஐயா' என்று ஏற்புரை நிகழ்த்தினேன். அந்த வரி என்னுடையது. நன்றாக இருக்கிறதா? பலரும் பாராட்டினார்கள். அன்றைய தினம் அப்பா கடையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் இரும்புக் கதவுக்கு நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.

இதுவரை நடந்ததில் என் குற்றம் என்று எதையாவது காட்ட முடியுமா அக்கா? நீங்களே சொல்லுங்கள். கதையை வளர்த்தவர்கள் அவர்கள். நான் வளர்ந்த கதைக்கு நன்றி சொன்னேன்.

இனிமேல் வருவதைத்தான் சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆகவே சொல் பிசகாமல் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு முடியும்போது புரவலர் ஐயாவின் அறக்கட்டளையிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. எங்கள் துறையில் மூன்றாம் ஆண்டுக்கு ஒரே ஓர் இடம். இருந்தவர்கள் இருவர். நான் ஒருத்தி. செல்வமேரி மற்றொருத்தி. என் அறைத்தோழிதான். அவளுடைய அப்பா சரக்கு வண்டியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். அந்த ஆண்டு பொங்கல் கழிந்த வாரம் இறந்துபோனார். மெய்யாகவே இறந்துபோனார். நான் ஆலங்குளம்வரை போய்ச் சாவுக்குத் தலைகாட்டிவிட்டு வந்தேன்.

நேர்காணலில் இருவரையும் ஒன்றாகவே உட்கார வைத்தார்கள். புரவலர் ஐயா நடுவில். முதல்வர் ஒரு பக்கம். காப்பாளர் ஒரு பக்கம். மேரியை முதலில் பேசச் சொன்னார்கள். அவள் எழுந்தாள்.

"எங்கப்பா தை மாசம் செத்துட்டாரு சார். இன்னும் ஒரு வருசந்தான் இருக்கு. முடிச்சிருவேன்."

உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான் பேச்சு! ஐந்து நிமிடம் தந்திருந்தார்கள். ஒரு நிமிடத்தில் பாதிகூட ஆகவில்லை. முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கே சங்கடமாக இருந்தது. இரண்டாண்டுப் பயிற்சியை இப்படியா வீணாக்குவது?

பிறகு புரவலர் ஐயா என் பக்கம் திரும்பினார். என்னைப் பேசச் சொல்லவில்லை, அவரே கேட்டார். "அப்பா இப்ப எப்படிம்மா இருக்காரு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. ஒரு சொல்லும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். பெரியவர்கள் முன் தலையைக் குனிவது மரியாதை. ஒரு பெண் மரியாதையாகத் தலை குனிந்தால் அவளுடைய தந்தை இறந்துவிட்டார் என்று எவராவது எடுத்துக்கொள்வார்களா? எடுத்துக்கொண்டார்கள். ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்பம்மா?"

"தை மாசம், ஐயா" என்றேன்.

நான் சொன்னது ஒரு மாதத்தின் பெயர். தமிழில் பன்னிரண்டு மாதங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைச் சொல்வது எப்படிப் பொய்யாகும்? ஏன் அந்த மாதம் என்றால், அப்போதுதான் அது காதில் விழுந்திருந்தது. வேறு மாதம் எதுவும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வேறு எந்த நோக்கமும் இல்லை.

மேரி என்னைத் திரும்பிப் பார்த்தாளா என்றா கேட்கிறீர்கள்? பார்த்திருக்கலாம். நான் தலை குனிந்திருந்தேன் என்று சொன்னேனே.

எனக்கு இடம் கிடைத்தது. அவளுடைய விண்ணப்பத்தில் 'உணர்வு போதவில்லை' என்று எழுதியிருந்ததாகக் காப்பாளர் சொன்னார். அவள் பெட்டியைக் கட்டினாள். அந்தத் தகரப் பெட்டி துருப்பிடித்திருந்தபோது எங்கள் வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாதான் பச்சை வண்ணம் அடித்துக் கொடுத்தார். அவளுக்கு அப்பாவை நன்றாகத் தெரியும். விடுதி அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாசலில் நின்று என்னிடம் மட்டும் சொன்னாள்: "ஏளா, உங்கப்பா கருமாதிக்கு நான் வர முடியாது. கோச்சுக்கிடாத."

எவ்வளவு பண்பற்ற பேச்சு பாருங்கள். உயிரோடு இருப்பவரைப் பற்றி அப்படியா பேசுவது?

இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. தென்காசியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டேன். எந்தக் கடை என்றும் தெரியும். அந்தத் தெருவில் எனக்கு வேலை இல்லை.

சரி, அதை விடுங்கள். மூன்றாம் ஆண்டுக்கு வருகிறேன்.

வீட்டில் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: விழாவுக்குப் பெற்றோரை அனுமதிக்கமாட்டார்கள். இரண்டாண்டு அது செல்லுபடியானது. மூன்றாமாண்டு புதிதாக வந்த அலுவலர் ஒருவர், கல்லூரிக்குப் பெருமை சேர்க்கிறேன் என்று அழைப்பிதழை எல்லா மாணவிகளின் வீட்டுக்கும் அஞ்சலில் அனுப்பிவிட்டார். அட்டையில் என் படம். தபால்காரர் கொடுத்ததும் அப்பா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். அம்மா வேறு, "போயி புள்ளைய பாத்துட்டு வாங்க" என்று சட்டையைத் தேய்த்துக் கொடுத்திருக்கிறார்.

நான் மேடையில் இருக்கிறேன். புரவலர் ஐயாவே எழுந்து என் சூழ்நிலையை எடுத்துரைக்கத் தொடங்கிவிட்டார். அந்த ஆண்டு அவ்வளவு பெரிய மரியாதை எனக்கு. அரங்கின் பின்வாசலில் வெள்ளைச் சட்டை ஒன்று நொண்டியபடி நுழைந்தது. தூண் ஓரமாக ஒரு நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தது. என்னைப் பார்த்துக் கையை உயர்த்தியது.

ஐயா பேசிக்கொண்டிருந்தார். "நான்காம் மாடியிலிருந்து விழுந்தார் அந்த உழைப்பாளி..." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குனிந்து காப்பாளரின் காதில் சொன்னேன்: "மேடம், மூன்றாம் மாடி." சென்ற ஆண்டு மூன்றாம் மாடி என்று சொல்லியிருக்கிறோம், அதே ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள், ஆண்டுக்கு ஆண்டு மாடியை மாற்றினால் யார் நம்புவார்கள்? உண்மை என்று வந்துவிட்டால் நான் விட்டுக்கொடுப்பதில்லை அக்கா. காப்பாளர் என் தொடையில் கிள்ளினார்.

"இரண்டாண்டுகள் படுக்கையில் கிடந்து, சென்ற தை மாதம் தம் மகளின் கையைப் பிடித்தபடியே கண்மூடிய காலஞ்சென்ற ஆவுடையப்பன் அவர்களுக்கு," என்றார் ஐயா, "நாம் அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்."

ஆயிரம் நாற்காலிகள் ஒன்றாக நகர்ந்தன.

அப்பா முதலில் எழவில்லை. சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். எழுந்திரும் ஐயா, ஒரு மரியாதை வேண்டாமா என்று சொல்லியிருப்பார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். அந்த அரங்கில் என் அப்பாவுக்காக அத்தனை அடக்கமாக நின்றவர் வேறு யாரும் இல்லை. மாணவிகள் பின்னலைச் சரி செய்தார்கள்; முதல்வர் கைப்பேசியைப் பார்த்தார். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு இருபது நொடியில் முடித்துக்கொண்டார்கள். இறந்தவர் எழுந்து நிற்கும்போது இருப்பவர்களுக்கு என்ன அவசரமோ.

பிறகு என் ஏற்புரை.

என்னிடம் ஒலிவாங்கி இருந்தது. ஆம், நீங்கள் நினைப்பது எனக்கும் தோன்றியது. 'என் அப்பா அதோ நிற்கிறார்' என்று சொல்ல நான்கு சொற்கள் போதும். ஆனால் பேச்சை எழுதி ஒப்புதல் பெற்றாயிற்று அக்கா. காப்பாளர் கையொப்பமிட்ட பேச்சை மேடையில் மாற்றுவது ஒழுங்கல்ல. தேர்வுக்கும் ஐந்து மாதம்தான் இருந்தது. 'என் தந்தை இன்று இருந்திருந்தால்' என்று தொடங்கும் பேச்சு அது. தொடங்கினேன். 'இருந்திருந்தால் இந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் ஓர் ஓரமாக நின்றிருப்பார்' என்று அடுத்த வரி. அதை எழுதியபோது அவர் வருவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு சொல்லும் தடுமாறாமல் பேசி முடித்தேன். முன்வரிசையில் அழுதார்கள். பின்னால் அப்பாவும் துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு தொலைவுக்கும் உணர்வு போய்ச் சேர்ந்திருக்கிறது. பயிற்சி வீண்போகவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில்தான் சிக்கல். அப்பா ஓரமாக நின்றுகொண்டிருந்தார். புரவலர் ஐயா என்னிடம் வந்து தலையைத் தொட்டு ஆசீர்வதிக்கும் நேரத்தில் அவரும் ஓரடி முன்னால் வந்துவிட்டார். காப்பாளர் பார்த்துவிட்டார்.

"நீங்க யாரு? யாரு கூட வந்தீக?"

எனக்கு வாய் வரவில்லை. மூன்றாண்டுப் பயிற்சி பெற்ற வாய். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு புரவலர் ஐயாவைக் கும்பிட்டார்.

"நான் பிள்ளையோட பெரியப்பாங்க. ஆவுடைக்கு மூத்தவன்."

ஐயா உருகிப்போனார். இறந்த தம்பியின் மகளைத் தன் மகளாக நினைத்து, நொண்டிக் காலோடு இவ்வளவு தூரம் வந்த அண்ணன்! உடனே ஒரு பொன்னாடை கொண்டுவரச் சொன்னார். போர்த்தினார். படம் எடுத்தார்கள், அதுவும் மலரில் வந்திருக்கிறது, நாற்பத்து மூன்றாம் பக்கம். அஞ்சலிக்கு எதிர்ப்பக்கம்.

"தம்பி எப்படிப்பட்டவரு?" என்று ஐயா கேட்டார்.

அப்பா சொன்னார்: "கோவக்காரப் பயங்க. ஒரு இடத்துல நின்னு வேல பாக்கமாட்டான். ஆனா இந்தப் பிள்ள மேல உசுரு."

"நல்லவங்களத்தான் சீக்கிரம் கூப்பிட்டுக்கறான்" என்றார் ஐயா.

"ஆமாங்கய்யா" என்றார் அப்பா.

பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். பேருந்து வந்து ஏறும்போதுதான் கேட்டார்: "ஏளா, நான் விழுந்தது சன்ஷேடுல்லா. அத எதுக்கு நாலு மாடி ஆக்கிப்புட்டாவ?"

"மூணுதான்ப்பா. ஐயா தப்பாச் சொல்லிட்டாவ."

"மூணா. சரி சரி." படியில் நின்றபடியே சொன்னார்: "உங்கம்மாட்ட இந்தப் பேச்சையே எடுக்காத. அவ எனக்காவ வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வெரதம் இருக்கா. வருத்தப்படுவா."

பார்த்தீர்களா, அவரே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு அதைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் இல்லை. என்னோடும் பேச்சு கொஞ்சம் குறைவு. தேர்வு நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது என்ற எண்ணமாக இருக்கும்.

இன்று காலை அசல் சான்றிதழ்களை வாங்கப் போனோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களையெல்லாம் சேரும்போதே அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். படிப்பு முடிந்ததும் மற்றவர்களுக்கு அப்படியே திருப்பிக் கொடுப்பார்கள். உதவித்தொகையில் படித்தவர்களுக்கு மட்டும் நன்றிப் பதிவேடு என்று ஒன்று உண்டு. பெற்றோரோ பாதுகாவலரோ நேரில் வந்து, 'எங்கள் பிள்ளைக்குச் செய்யப்பட்ட உதவிக்கு ஆயுள் முழுவதும் கடமைப்பட்டுள்ளோம்' என்ற வாசகத்துக்குக் கீழே பெயர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் பி.எட். இல்லை. அம்மாவை அழைத்துப் போயிருக்கலாம் என்கிறீர்களா? தாலியும் பூவுமாக வருவார் அக்கா. அவரை எப்படி அழைத்துப் போவது?

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். எனக்குரிய பக்கத்தில் தந்தை பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'காலமானார்' என்று இருந்தது. தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "கூட வந்திருக்கது யாரு?"

அப்பா வாயைத் திறந்தார். அவரை எதற்குச் சிரமப்படுத்துவது? நானே சொல்லிவிட்டேன். "பெரியப்பா, சார்."

அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"இங்கன பேர எழுதி, கீழ கையெழுத்துப் போடும் பெரியவரே" என்று எழுத்தர் பேனாவை நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டார். வாங்கி, குனிந்து, பேனாவைத் தாளில் வைக்கப்போய் அப்படியே நின்றார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா பள்ளிக்கூடம் போனவரில்லை. நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது என் மதிப்பெண் அட்டையில் அவர் கைநாட்டு வைத்துக் கொடுத்தார். டீச்சர் அதை வகுப்பு முழுக்கக் காட்டிச் சிரித்தார். நான் வீட்டுக்கு வந்து அட்டையை வீசி எறிந்து அழுதேன். மறுநாள் சாயந்தரம் வேலை விட்டு வந்த கையோடு, "எனக்குப் பேரெழுதச் சொல்லிக் குடுளா" என்று கொல்லைச் சுவருக்கு என்னைக் கூட்டிப் போனார். பேனா அவர் கையில் நிற்கவில்லை. ஆகவே நாலங்குல பிரஷ். சுவர் முழுக்க ஆவுடையப்பன், ஆவுடையப்பன். 'ஆ'வின் கொக்கி பன்னிரண்டு நாள் வரவில்லை. பதின்மூன்றாம் நாள் வந்தது. அதன் பிறகு சுவரிலிருந்து சிலேட்டுக்கு, சிலேட்டிலிருந்து தாளுக்கு. அவருக்கு எழுதத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான். அன்றிலிருந்து இன்று வரைக்கும் வேறு ஒரு சொல் எழுதத் தெரியாது. ஆனால் அதன்பின் அவர் எங்கும் கைநாட்டு வைத்ததில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவன் மைப்பெட்டியைத் தள்ளியபோது, "எம் மவ எழுதப் படிக்கச் சொல்லித் தந்திருக்காடே" என்று சட்டையைப் பிடித்துவிட்டார்.

பேனாவை அவர் எவ்வளவு நேரம் பிடித்திருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இருபது நொடி அஞ்சலியைவிட அதிகம். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். அப்பா பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"மை டப்பா இருக்காய்யா?"

"கைநாட்டா?" எழுத்தருக்குச் சிரிப்பு. "தம்பி மவள பட்டப்படிப்பு வரைக்கும் கொண்டாந்துட்டீரு, கையெழுத்துப் போடத் தெரியாதாக்கும்?"

"எனக்குத் தெரியாதுய்யா" என்றார் அப்பா. "தம்பி போடுவான்."

இடது கைப் பெருவிரலைப் பிடித்து எழுத்தரே மையில் உருட்டித் தாளில் அழுத்தினார். நான் சான்றிதழ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாக இருந்தன. ஒரு தாளும் குறையவில்லை, மடிப்புகூட இல்லை.

இதுதான் அக்கா என் கல்லூரி வாழ்க்கை. பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. சேரும்போது நான் ஒரு கதையும் சொல்லத் தெரியாதவள்.

அவர் ஏன் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார் என்றா கேட்கிறீர்கள்? முன்னிருக்கையில் காலை நீட்டிக்கொள்ள வசதி அல்லவா. தகடு வைத்த கால், மடக்கினால் வலிக்கும். வேறு காரணம் என்ன இருக்கப்போகிறது? இங்கே இடமில்லை என்றும் நினைத்திருக்கலாம்.

இல்லை. சீதபற்பநல்லூரில் நீங்கள் ஏறும்வரைக்கும் இந்த இடம் காலியாகத்தான் இருந்தது.